குமுதா டீச்சரின் இடது கை

ஐம்பத்தாறு வயதில் குமுதாவை மறுபடியும் மாணவியாக்கிவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் விடிந்தும் விடியாமலும் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயிலைப் பிடித்து, கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த வகுப்பறைக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏற வேண்டும். பாலர் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் டிப்ளோமா வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. குமுதா வேலை செய்த பாலர் பள்ளியின் முதலாளியம்மா தெய்வானை, சாக்குப்போக்குச் சொல்லி முடிந்தவரை நாளை ஓட்டினாள். இனி ஓட்ட முடியாது என்று ஆனதும் குமுதாவைக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நீங்க போயி அந்தப் பேப்பர வாங்கிட்டு வந்துருங்க. இல்லன்னா ஜனவரில உங்கள கிளாஸ்ல நிப்பாட்ட முடியாது. எனக்கு லைசன்ஸ் போயிரும் லா."

முப்பத்தொரு வருடம், ஏறக்குறைய எழுநூறு பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவளுக்கு இப்போது பேப்பர் வேண்டுமாம். குமுதாவுக்கு வந்த ஆத்திரத்தில் போகமாட்டேன் என்று சொல்லியிருப்பாள். ஆனால் வீட்டில் கணவர் ராதாகிருஷ்ணன் முழங்கால் போய் லோரி ஓட்டுவதை விட்டு நான்கு வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்கு வருகிற சம்பளம் ஒன்றே ஒன்றுதான். போனாள்.

வகுப்பு எடுத்தவள் ரஞ்சனி. இருபத்தெட்டு வயது, வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, கழுத்தில் அட்டை, கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டி. உள்ளே வந்த முதல் நிமிடத்திலேயே குமுதா அவளை எடை போட்டுவிட்டாள். இந்தப் பெண் ஒரு பிள்ளையின் ஜட்டியைக்கூட மாற்றியிருக்க மாட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் குமுதா வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் கேட்டாள்.

முதல் பாடமே பாலர் கல்வியின் வரலாறு. திரையில் படங்கள் வந்தன. இருநூறு வருடத்துக்கு முன்பு நீளமுடி வைத்த ஒரு ஜெர்மன்காரர், பிள்ளைகளைச் செடிகள் என்று சொல்லி, அவர்களை வைத்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர் கொடுத்தாராம். இத்தாலியில் ஒரு டாக்டரம்மா ஏழைப் பிள்ளைகளுக்கு மரக்கட்டைகளைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாராம். முன் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள். குமுதா படம் பிடிக்கவில்லை. தோட்டத்தைப் பற்றி அவளுக்கு ஜெர்மன்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பிறந்ததே காப்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான்.

அந்தத் தோட்டத்திலும் பாலர் கல்வி இருந்தது. அதற்குப் பெயர் ஆயாக்கொட்டகை. விடிவதற்கு முன்னால் பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அங்கே போட்டுவிட்டுப் போவார்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆயா. பவுனம்மாள் என்று பெயர். தவழ்கிற பிள்ளைகளின் ஒரு காலைக் கிழிந்த சேலைத் துணியால் தூணில் கட்டிவிடுவாள். அழுகிற பிள்ளைக்கு இரண்டு அடி, அழாத பிள்ளைக்கு ஒரு பிஸ்கட். இன்றைக்கு அந்தக் கொட்டகைகளைப் பற்றி மேடையேறி உருகுகிறவர்களைக் கண்டால் குமுதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். உருகுகிறவன் எவனும் அந்தத் தூணில் கட்டப்பட்டிருக்க மாட்டான் என்பாள். ஆனாலும் அந்தக் கொட்டகையில் கற்ற ஒன்றை அவள் விடவே இல்லை. சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை.

ஐந்தாம் படிவத் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு ஏழெட்டு வருடம் தொழிற்சாலைகளில் அலைந்தவள், தொண்ணூற்று மூன்றில் தெய்வானையின் மாமனார் மேரு சாலையில் தம் வீட்டு முன்கூடத்தில் தொடங்கிய பாலர் பள்ளியில் சேர்ந்தாள். அப்போது பாடம் என்றால் பாட்டு, கைதட்டல், ஒரு கோப்பை மைலோ. பத்து மணிக்குப் பாய் விரித்தால் பிள்ளைகள் தூங்கும், டீச்சர்களும் தூங்குவார்கள். பிறகு பெற்றோருக்கு அவசரம் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நான்கு வயதில் மூன்று மொழியில் எழுதுகிறதாம், நம் பிள்ளை இன்னும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறதே என்றார்கள். உடனே பயிற்சிப் புத்தகங்கள் வந்து இறங்கின. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு புத்தகம், ஒவ்வொன்றிலும் அறுபத்து நான்கு பக்கம். அதற்குப் பிறகு பட்டமளிப்பு விழா வந்தது. ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் மாட்டி, மண்டபம் எடுத்து, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவந்து, சுருட்டிய காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். மூத்திரம் போகக் கால்சட்டை அவிழ்க்கத் தெரியாத பட்டதாரிகள் என்று குமுதா சமையலறையில் சொல்லிச் சிரிப்பாள். கடைசியாக வந்தது கைத்தொலைபேசி ஆப். பிள்ளை சாப்பிட்டதா, சிரித்ததா என்று மணிக்கொரு படம் அம்மாக்களுக்குப் போக வேண்டும். சிரிக்காத பிள்ளையைச் சிரிக்கவைத்துப் படம் எடுப்பதும் டீச்சரின் வேலையாயிற்று.

ரஞ்சனியின் திரையில் ஓடிய வரலாற்றில் இது எதுவும் இல்லை. இதைவிட முக்கியமான இன்னொன்றும் இல்லை. அது குமுதாவின் இடது கை.

இருபத்து நான்கு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். ஆளுக்கு ஆறு புத்தகம். யார் முடிப்பார்கள்? பாதிப் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும், மீதிப் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவனைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வருடத்தில் இரண்டு முறை ரிப்போர்ட் கார்டு நாளன்று பெற்றோர் வருவார்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் தெய்வானையிடம் போய் நிற்பார்கள். ஆகவே பிள்ளைகள் வீடு போன பிறகு டீச்சர்கள் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகளின் புத்தகங்களை எழுதி முடித்தார்கள். இது அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வெளியே பேசாத வேலை. வலது கையால் எழுதினால் பெரியவர்கள் எழுத்து என்று தெரிந்துவிடும். இடது கையால் எழுதினால் கோடு தானாக நடுங்கும், எழுத்து தானாகச் சரியும்.

அதில் குமுதாவை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாக எழுதுவாள். முரட்டுப் பையனுக்குப் பென்சிலை அழுத்துவாள், பூஞ்சைப் பிள்ளைக்கு லேசாக ஓட்டுவாள். பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் மூன்றைத் திருப்பிப் போட்டு, அதை அழிப்பானால் அழுக்காக அழித்து, மறுபடி சரியாக எழுதுவாள். பிறகு வலது கையில் சிவப்புப் பேனாவை எடுத்து, தான் எழுதியதற்குத் தானே சரி போட்டு ஒரு நட்சத்திரமும் ஒட்டுவாள். புதிதாக வந்த டீச்சர்கள் அவளிடம்தான் வந்து பழகிக்கொண்டு போனார்கள். அவள் இதற்கு வெட்கப்பட்டதில்லை. ஏமாற விரும்புகிறவர்களை ஏமாற்றுவதில் என்ன வெட்கம் என்பது அவள் கட்சி.

நான்காவது சனிக்கிழமை ரஞ்சனி ஒரு வேலை கொடுத்தாள்.

"டீச்சர்ஸ், உங்க கிளாஸ்ல ஒரு பிள்ளைய எடுத்துக்குங்க. பத்து நாள், ஒரு நாளைக்கு இருவது நிமிஷம், சும்மா பாருங்க. கண்ணால பார்த்தத, காதால கேட்டத மட்டும் எழுதுங்க. நீங்க என்னா நெனைக்கிறீங்கன்னு எழுதக் கூடாது. இந்த ஃபீல்டோட ஹிஸ்டரியே அப்படித்தான் ஆரம்பிச்சது. யாரோ ஒருத்தர் ஒரு பிள்ளை பக்கத்துல உக்காந்து பார்த்தாங்க, அவ்ளோதான்."

சும்மா உட்கார்ந்து பார்க்க எவன் சம்பளம் கொடுக்கிறான் என்று குமுதா முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். அன்று மாலையே வீட்டில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்க, பத்து நாள் குறிப்பையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். பத்து நாளும் வெவ்வேறு பேனா. அந்த அளவுக்கு அவளுக்குத் தொழில் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அது திரும்பி வந்தது. 'சோம்பேறி', 'பிடிவாதம்', 'கவனம் இல்லை', 'செல்லம் அதிகம்' என்று பதினான்கு இடத்தில் கோடு போட்டிருந்தது.

"சாரி ஆ, டீச்சர். இதுல பிள்ளை எங்கயுமே இல்ல. நீங்கதான் இருக்கீங்க."

"முப்பத்தொரு வருஷமா பிள்ளைங்கள பார்த்துக்கிட்டு இருக்கேன், மிஸ்."

அந்த 'மிஸ்' என்ற சொல்லில் இருந்த இளக்காரம் வகுப்புக்கே புரிந்தது. ரஞ்சனிக்கும் புரிந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை.

"பார்த்திருந்தா எழுதியிருப்பீங்க. இது எல்லாம் தீர்ப்பு. திரும்ப செஞ்சு கொடுங்க டீச்சர். இல்லன்னா இந்தப் பேப்பர்ல ஃபெயில் போடத்தான் வேணும்."

ஃபெயில் என்றால் அடுத்த வருடம். அடுத்த வருடம் என்றால் ஜனவரியில் வேலை இல்லை. குமுதா ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பெண்ணைச் சொல்லக்கூடாத வார்த்தைகளால் மனத்துக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். சரி, பார்க்கத்தானே வேண்டும், பார்த்துத் தொலைக்கிறேன் என்று ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். கவிஷா, ஆறு வயது, இது அவளுக்கு அந்தப் பள்ளியில் இரண்டாம் வருடம், ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு போக வேண்டியவள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவள் இடத்தை விட்டு எழமாட்டாள், அழமாட்டாள், ஒன்றும் கேட்கமாட்டாள். பார்ப்பதற்கு நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.

முதல் நாள் குமுதா எழுதியது இது. 'ஒன்பது பத்து. புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். எல்லாரும் எடுத்தார்கள். கவிஷா கவனமில்லாமல்.' அந்தக் கடைசிச் சொல்லை எழுதிவிட்டு, ரஞ்சனியின் கோடு ஞாபகம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அப்படியானால் என்னதான் எழுதுவது? திரும்பவும் பார்த்தாள். 'கவிஷா பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள். அவள் எடுத்த பிறகு எடுத்தாள்.'

இரண்டாம் நாளும் அதுதான். பென்சிலை எடுக்கச் சொன்னபோதும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள், வரிசையில் நிற்கச் சொன்னபோதும் பார்த்தாள். மூன்றாம் நாள் பாட்டு நேரத்தில் அவள் வாய் அசைந்தது. குமுதா குனிந்து பக்கத்தில் போய்க் கேட்டாள். வாய்தான் அசைந்தது, அதில் சொல் இல்லை. எல்லாரும் பாட்டை முடித்து வாயை மூடிய பிறகு அவள் வாயும் மூடியது. இத்தனை நாள் நன்றாகப் பாடுகிறாள் என்றுதான் குமுதா நினைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் பத்தரை மணிக்கு வெளியே சாலையில் ஐஸ்கிரீம் விற்கும் மோட்டார் சைக்கிள் வந்தது. தூரத்தில் அந்த மணிச் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் ஜன்னலுக்குப் பாய்ந்தன. கவிஷா குனிந்து ஒரு தனித்தாளில் இருந்த வாத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவள் மேசையை இடித்துக்கொண்டு ஓடியதும் நிமிர்ந்தாள். பிறகு அவளும் எழுந்து ஓடினாள். ஜன்னலில் நின்று, ஏன் ஓடிவந்தோம் என்று தெரியாமல், மற்றவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

குமுதா அதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று பிள்ளைகள் மைலோ குடிக்கும்போது கவிஷாவின் பின்னால் போய் நின்றாள். "கவிஷா" என்றாள். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். எதிரில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள், கவிஷா பார்க்கவில்லை. நாலாவது முறை, பக்கத்து வகுப்புக்கே கேட்கும்படிக் கூப்பிட்டதும் திரும்பினாள். திரும்பி, மைலோ மீசையோடு சிரித்தாள்.

குமுதாவின் வகுப்பில் அந்தப் பிள்ளை இரண்டு வருடம் இருந்திருக்கிறது. ஒரு வருடம் பத்து மாதம் என்று திருத்திக்கொண்டாள், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அலமாரியைத் திறந்து கவிஷாவின் ரிப்போர்ட் கார்டுகளை எடுத்துப் பார்த்தாள். 'அமைதியான பிள்ளை. கீழ்ப்படிவாள். எழுத்து அழகு.' எழுத்து அழகாம். தன் இடது கைக்குத் தானே பாராட்டு எழுதி வைத்திருக்கிறாள் மகராசி. தெய்வானையையும் பெற்றோரையும் ரஞ்சனியையும் இதுநாள்வரை என்னென்ன சொல்லி ஏளனம் செய்தாளோ, அது அத்தனையும் இப்போது அவளுக்கே போதாது என்று தோன்றியது.

பள்ளி விட்டதும் தெய்வானையின் அறைக்குப் போனாள். தெய்வானை பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருந்த தொப்பிகளின் குஞ்சங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மேடம், கவிஷாவுக்குக் காது சரியில்ல. அவ அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லணும்."

"யாரு? கவிஷாவா? அந்தப் பிள்ளைக்கு பெஸ்ட் ஹேண்ட்ரைட்டிங் டிராபி ஆர்டர் பண்ணியாச்சு டீச்சர். பேருகூட அடிச்சாச்சு. அவ அம்மாவுக்கும் ஃபோன் பண்ணி சொல்லிட்டேன்."

"அந்த எழுத்து என்னோடது மேடம்."

தெய்வானை குஞ்சத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாருங்க டீச்சர். காது கேக்கலன்னு நீங்க சொன்னா, காது கேக்காத பிள்ளை எப்படி சொல்வதெழுதுதல் எல்லாம் ஃபுல் மார்க் எழுதுச்சுன்னு அவ அம்மா கேப்பா. அதுக்கு என்னா சொல்லுவீங்க? அவ ஒருத்தியோட நிக்குமா இது? நாளைக்கு எல்லாப் பேரன்ட்ஸும் புக்க தூக்கிட்டு வந்து நிப்பாங்க. இன்னும் ரெண்டு மாசம்தான். ஸ்கூலுக்குப் போனா அங்க உள்ள டீச்சர் பார்த்துக்குவாங்க. நீங்க எதுக்கு வாயைக் கொடுக்கிறீங்க?"

"அங்க உள்ள டீச்சரும் என்னை மாதிரி இருந்தா?"

"நீங்க போய் சொன்னீங்கன்னா, டிப்ளோமா கிடைச்சாலும் இங்க வராதீங்க. அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

தெய்வானையை வெறும் பொம்மை என்றுதான் குமுதா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். மாமனார் சொத்தில் உட்கார்ந்து, சேலைக்குப் பொருத்தமாகக் கைப்பை வாங்குகிறவள். அந்தப் பொம்மை இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதைவிட எரிச்சல், அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. குமுதா வெளியே வந்தாள்.

சனிக்கிழமை ரஞ்சனியின் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதும் அவளுக்கு அதே நினைப்புதான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கேட்கிறவர் யாரும் இல்லை. குறிப்பை ரஞ்சனியிடம் கொடுத்தால் மதிப்பெண் கிடைக்கும், டிப்ளோமா கிடைக்கும், தெய்வானையும் வைத்துக்கொள்வாள். கவிஷா மட்டும் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை மக்கு என்பார்கள். முதலில் டீச்சர் சொல்வார், பிறகு அவளே சொல்லிக்கொள்வாள். குமுதா தன் வாயால் அந்தச் சொல்லை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று எண்ணப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. அவர்களில் எத்தனை பேருக்குக் காது கேட்கவில்லையோ, கண் தெரியவில்லையோ, அதுவும் தெரியாது. எல்லாருடைய புத்தகமும் அழகாக நிரம்பியிருந்தது.

திங்கட்கிழமை மாலை பண்டமாரானுக்குப் பஸ் ஏறினாள்.

கவிஷாவின் அம்மா வாணி அடுக்குமாடியில் நான்காவது மாடியில் இருந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. புருஷன் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒரு நாள் வருவான். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் கதவைத் திறந்தவளுக்கு டீச்சரைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, வாங்க டீச்சர்! உள்ள வாங்க! டிராபி விஷயமா வந்தீங்களா? மேடம் ஃபோன் பண்ணாங்க. நான் கம்பெனில எல்லாருக்கும் சொல்லிட்டேன். உக்காருங்க, மைலோ போடறேன்."

"ஒன்னும் வேணாம்மா. உக்காரு வாணி. கவிஷா பத்தித்தான் பேச வந்தேன்." குமுதா சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் பாதியில் எழுந்து ஓடிவிடுவோம் என்று அவளுக்குப் பயம். "பிள்ளைக்குக் காது சரியா கேக்கல."

வாணியின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"இல்ல டீச்சர். அது அவ குணம். கூப்பிட்டா திரும்ப மாட்டா, கொஞ்சம் அழுத்தம். இதே மாதிரிதான் போன வருஷம் கிளினிக்ல ஒரு நர்ஸ் சொன்னாங்க. காது டெஸ்டுக்கு ஹாஸ்பிடல் போங்கன்னு லெட்டர் குடுத்தாங்க. எனக்கும் முதல்ல பக்குன்னு ஆச்சு. அப்பறம் நீங்க குடுத்தீங்களே, ரிப்போர்ட் கார்டு டேக்கு, அந்த புக்கு? அத பார்த்ததும்தான் உயிர் வந்துச்சு. நான் அந்த புக்க எடுத்துட்டுப் போயி நர்ஸ்கிட்டயே காட்டினேன். காது கேக்காத பிள்ளை இப்படி எழுதுமான்னு சண்டை போட்டேன் டீச்சர். அவங்க வாயே திறக்கல."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். சாமி படத்துக்குக் கீழ்த் தட்டில், பிறப்புப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் புத்தகங்கள் இருந்தன. நேரே கொண்டுவந்து குமுதாவின் மடியில் வைத்தாள். உறைக்குள்ளேயே கிளினிக் கொடுத்த கடிதமும் மடித்தபடி இருந்தது. தேதி போன வருடத்தது.

"நீங்களே பாருங்க. எல்லாத்துலயும் ஸ்டார்."

"நான்தான் எழுதினேன் வாணி."

"சரி டீச்சர், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, உங்களாலதான்."

"சொல்லிக் குடுக்கல. நான் எழுதினேன். இந்த எடது கையால எழுதினேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் நாங்கதான் எழுதுவோம். அந்த ஸ்டாரும் நான் ஒட்டினதுதான்."

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். கவிஷா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அம்மாவின் ஸ்டிக்கர் தாள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாணி பிள்ளையைப் பார்த்தாள். "கவிஷா" என்று மெல்லக் கூப்பிட்டாள். பிள்ளை அடுக்கிக்கொண்டே இருந்தது. "கவி, அம்மா கூப்பிடறேன்ல" என்றாள். பிள்ளை அடுத்த தாளை எடுத்தது.

வாணி அழுவாள், அடிக்க வருவாள், தெய்வானையின் பள்ளியைக் கொளுத்துவேன் என்பாள் என்று குமுதா பஸ்ஸில் வரும்போதே ஒவ்வொன்றுக்கும் தயாராகியிருந்தாள். வாணி அப்படி ஒன்றும் செய்யவில்லை. பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்று கேட்டாள்.

"இதுல எம் பிள்ளை எழுதினது எது? அத மட்டும் காட்டுங்க."

குமுதா முதல் புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கம் தன் எழுத்து. இரண்டாம் பக்கமும் தன் எழுத்து. அழிப்பானால் அழுக்காக்கிய மூன்று வந்தது, அதுவும் அவள் வேலைதான். ஏதாவது ஒரு கோடு, ஒரு வட்டம், ஓரத்தில் ஒரு கிறுக்கல் கிடைத்தால் போதும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அறுபத்து நான்கு பக்கமும் முடிந்தன. அடுத்த புத்தகத்தை எடுத்தாள். அதன் அட்டையில் இருந்த பெயரைக்கூட அவள்தான் எழுதியிருந்தாள். வாணி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது புத்தகம் பாதியில் குமுதாவின் கை நின்றுவிட்டது.

"இல்ல" என்றாள்.

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட இல்லம்மா."

வாணி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மடித்திருந்த கடிதத்தை எடுத்து நீவினாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கிளினிக்ல வந்து நில்லுங்க. நான் சண்டை போட்ட அதே நர்ஸ்தான் அங்க இருக்காங்க. நான் சொன்னா என்னை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பார்ப்பாங்க? நீங்க சொல்லுங்க. நடந்தத நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. அதே நேரத்தில்தான் பள்ளியில் பட்டமளிப்பு விழா ஒத்திகை. குமுதா வராவிட்டால் எங்கே போயிருக்கிறாள் என்று தெய்வானைக்குச் சொல்லாமலே தெரியும்.

"வரேன்" என்றாள் குமுதா.

எழுந்து வாசலில் செருப்பைத் தேடினாள். வாணி பின்னாலேயே வந்து புத்தகங்களை நீட்டினாள்.

"இத எடுத்துட்டுப் போங்க டீச்சர். இது உங்க புக்கு."

குமுதா வாங்கிக்கொண்டாள். ஆள் போகிறது என்று கண்டு கவிஷா ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சருக்குக் கைகாட்டுவதா, சிரிப்பதா, எது செய்ய வேண்டும் என்று தெரியாமல் முதலில் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு அம்மாவின் அதே சிரிப்பில்லாத முகத்தோடு குமுதாவைத் திரும்பிப் பார்த்தாள்.